காசு வந்தது, கேமரா போனது, கணக்கும் முடங்கியது

பழைய சாமான் வாங்கி வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் போட்டு விற்கிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். போலி ஸ்கிரீன்ஷாட் காட்டி ஏமாற்றிய கதை இல்லை இது. 'நான் ராணுவத்தில் இருக்கிறேன், இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணுங்க, பணம் வரும்' என்கிற வித்தையும் இல்லை. அதெல்லாம் இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரியும். எனக்குப் பணம் உண்மையாகவே வந்தது. வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வந்தது, பாஸ்புக்கிலும் ஏறியிருக்கிறது. அப்படியும் ஏமாந்து நிற்கிறேன். என்னை நம்பிப் பொருள் கொடுத்தவரும் சேர்ந்து மாட்டிக்கொண்டார்.

கும்பகோணத்தில் வீட்டு முன்னறைதான் என் கடை. பெரும்பாலும் பித்தளை, வெண்கலம்: அண்டா, தவலை, காபி ஃபில்டர், நாச்சியார்கோவில் குத்துவிளக்கு. பெரிய வீட்டைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளோடு சென்னைக்கோ பெங்களூருக்கோ போகிறவர்கள், எடைக்குப் போட மனசில்லாமல் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்து, விலை பேசி, எடுத்து வந்து, புளி போட்டுத் தேய்த்துப் படம் எடுத்துப் போடுவேன். நாளாவட்டத்தில் தையல் மிஷின், ரேடியோ, மிக்ஸி என்று மற்ற சாமான்களும் வர ஆரம்பித்தன. அப்படித்தான் இந்த கேமராவும் வந்தது.

திருவாரூர் பக்கம் கல்யாண போட்டோ எடுக்கிற தம்பி ஒருவர் மிரர்லெஸ் கேமராவுக்கு மாறினார். கையிலிருந்த கேனான் 80டி-யையும் 18-135 லென்ஸையும் கமிஷனுக்கு விற்றுத் தரச் சொன்னார். நம் பக்கத்தில் பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது பூஞ்சைதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பீரோவுக்குள் வைத்த லென்ஸுக்குள்ளேகூட அது பிடித்துவிடும். பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கம் வழியாகப் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூல்கள் தெரியும். இந்த லென்ஸ் சுத்தமாக இருந்தது. டார்ச் அடித்தே வீடியோ எடுத்துப் போட்டேன். ஷட்டர் எத்தனை தடவை ஓடியிருக்கிறது, பேட்டரி எப்படி, எல்லாம் எழுதியிருந்தேன். விலை 41,000 ரூபாய்.

விசாரித்தவர்களில் ஒருவர் பெங்களூரில் வேலை பார்ப்பதாகச் சொன்னார். நல்ல தமிழ், மரியாதையான பேச்சு. பூஞ்சையைப் பற்றிக் கேட்கவில்லை, ஷட்டரைப் பற்றிக் கேட்கவில்லை, விலையையும் குறைத்துக் கேட்கவில்லை. இருநூறு ரூபாய் தாம்பாளத்துக்கே அரை நாள் பேரம் பேசுகிற தொழில் இது. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: 'உங்க கியூஆர் அட்டையை போட்டோ எடுத்து அனுப்புங்க மேடம்.' அனுப்பினேன். சிறிது நேரத்தில் 25,000 வந்தது, ஒரு பெண் பெயரிலிருந்து. கொஞ்சம் கழித்து 16,000, வேறு ஒரு ஆண் பெயரிலிருந்து. கேட்டதற்கு, 'என் அக்கவுண்ட்டில் இன்றைய லிமிட் முடிந்துவிட்டது, மனைவி கணக்கிலிருந்தும் மாமனார் கணக்கிலிருந்தும் போடச் சொன்னேன்' என்றார். யுபிஐ-யில் லிமிட் உண்டு என்பதும் நிஜம்தானே. கேமராவைத் தெர்மாகோல் வைத்துக் கட்டி, அவர் சொன்னபடி ஆம்னி பஸ் பார்சலில் பெங்களூருக்கு ஏற்றினேன். ரசீது படத்தையும் அனுப்பினேன். 'கிடைத்தது, நன்றி மேடம்' என்று பதில் வந்தது. என் கமிஷன் 5,000-ஐ எடுத்துக்கொண்டு 36,000-ஐத் தம்பி கணக்குக்கு மாற்றிவிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் நாச்சியார்கோவிலில் விளக்குக்குப் பாலிஷ் போட்டுத் தந்தவருக்கு யுபிஐ-யில் கூலி கொடுக்கப் பார்த்தால் பணம் போகவில்லை. நெட்வொர்க் கோளாறு என்று நினைத்தோம். ஏடிஎம்மிலும் எடுக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து சேருவதற்குள் திருவாரூரிலிருந்து போன். "அக்கா, நீங்க எனக்கு என்ன பணம் போட்டீங்க? பேங்க்ல லீன் போட்டிருக்காங்க. முகூர்த்த அட்வான்ஸ் எல்லாம் அதுலதான்க்கா இருக்கு!" லீன் என்றால், கணக்கில் இருக்கிற பணத்தை எடுக்க முடியாதபடி வங்கி நிறுத்தி வைப்பது. எனக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை.

வங்கியில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். ஏன் முடக்கினீர்கள் என்று கேட்டால், "மேலேர்ந்து வந்திருக்கும்மா, எங்க கையில இல்ல." மேலே என்றால் யார்? "சைபர் க்ரைம்." எந்த ஊர்? "அது சிஸ்டத்துல தெரியாது." இத்தனை வருடமாக நான் கணக்கு வைத்திருக்கும் கிளையில், என்னவோ நான் திருடிவிட்டு வந்தது போல, மற்ற வாடிக்கையாளர்கள் காதில் விழும்படி பேசினார்கள். எழுத்தில் மனு கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை போட்டுத் தரச் சொல்லி நின்ற பிறகுதான் சிஸ்டத்தில் தகவல் தெரிந்தது. புகாரின் அக்னாலெட்ஜ்மென்ட் நம்பரும் வட மாநிலம் ஒன்றின் சைபர் காவல் நிலையத்து மின்னஞ்சலும் ஒரு துண்டுச் சீட்டில் வந்தன. இதற்குள் மகளிர் குழுக் கடன் தவணை திரும்பிப் போய், அதற்கு ஒரு அபராதம், அந்த அபராதத்துக்கு ஜிஎஸ்டி.

அந்தக் காவல் நிலையத்துக்கு எழுதி, போன் பண்ணி, அரைகுறை இந்தியில் பேசித் தெரிந்துகொண்டது இது. அங்கே ஒரு கல்லூரிப் பெண்ணை வீட்டிலிருந்தே பகுதிநேர வேலை என்று சொல்லி வலையில் இழுத்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் சின்னச் சின்ன வேலைக்குக் கொஞ்சம் காசு கொடுத்து நம்பவைத்து, அப்புறம் 'அடுத்த டாஸ்க்குக்கு டெபாசிட் கட்டு' என்றிருக்கிறார்கள். டெபாசிட் கட்ட அந்தப் பெண்ணுக்கு அனுப்பியது என் கியூஆர் படம். 25,000 அந்தப் பெண்ணுடையது, 16,000 அப்பா கணக்கிலிருந்து. எனக்குச் சொல்லப்பட்ட மனைவியும் மாமனாரும் இவர்கள்தான். ஸ்டேட்மென்ட் எடுத்துப் பார்த்தபோது அந்த வரியின் ஓரத்தில் 'டாஸ்க் டெபாசிட்' என்றே இருந்தது. பணம் வந்ததாகச் சொன்ன எஸ்எம்எஸ்ஸில் அது இல்லை.

ஏமாற்றியவன் கணக்கில் ஒரு பைசாகூட ஏறவில்லை. அவனுக்கு வந்தது கேமரா; அதை எங்காவது ரொக்கத்துக்குத் தள்ளியிருப்பான். ஏமாந்த குடும்பம் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குப் போன் பண்ணியதும் பணம் போன வழியைப் பார்க்கிறார்கள். முதலில் என் கணக்கு, அடுத்தது தம்பி கணக்கு. போலீஸ் பார்வையில் நான்தான் 'மியூல்', அதாவது திருட்டுப் பணத்தை வாங்கிக் கைமாற்றிவிடும் ஆள். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை, புகார் கொடுத்தது நியாயம். ஆனால் 41,000 ரூபாய்ப் புகாருக்கு என் கணக்கு முழுவதையும் பூட்டுவது எந்த ஊர் நியாயம்? தகராறில் இருக்கிற தொகையை மட்டும் நிறுத்தி வைத்தால் போதும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-இலும், சென்னை உயர் நீதிமன்றம் 2024-இலும் சொல்லியிருக்கின்றன. கிளையில் இருப்பவர்கள் அதைக் கேள்விப்பட்ட மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

இதே நிலைமை உங்களுக்கு வந்தால், கிளை மேலாளரோடு சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள், பூட்டைத் திறக்கிற சாவி அவரிடம் இல்லை. புகார் எண்ணையும் காவல் நிலையத்தின் பெயரையும் எழுத்தில் வாங்குங்கள். விசாரணை அதிகாரிக்கு, அவர்கள் ஐ.ஓ. என்பார்கள், எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள்: சாட் முழுவதும், விளம்பரப் படம், பஸ் பார்சல் ரசீது, பொருள் கொடுத்தவரின் பழைய பில், ஸ்டேட்மென்ட். சாட்டை அழித்துவிடாதீர்கள். ஏமாற்றியவன் தான் போட்ட மெசேஜ் எல்லாவற்றையும் என் போனிலும் தெரியாதபடி டெலிட் பண்ணிவிட்டான். நான் பார்சல் அனுப்பிய அன்றே எக்ஸ்போர்ட் செய்து வைத்திருந்ததால் பிழைத்தேன். கேமராவை இழந்ததற்குத் தனியாகப் புகார் கொடுங்கள், cybercrime.gov.in தளத்திலும் மாவட்ட சைபர் க்ரைம் காவல் நிலையத்திலும். தஞ்சாவூரில் வாங்கிக்கொண்டார்கள். நீங்களும் ஏமாற்றப்பட்டவர் என்பதற்கு அந்தப் புகார் ரசீதே முதல் ஆதாரம். கணக்கை முடக்குவது இப்போது பெரும்பாலும் பிஎன்எஸ்எஸ், அதாவது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 106-ஆவது பிரிவின் கீழ் நடக்கிறது. அதை மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டியது போலீஸின் கடமை. பணத்தை விடுவிக்கச் சொல்லி 503-ஆவது பிரிவில் மனு போடலாம்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது, ஜாக்கிரதை. கணக்கு முடங்கி நான் அலைந்துகொண்டிருந்தபோது, 'சைபர் போலீஸ் பேசுறோம், 8,000 கட்டினால் இன்றைக்கே லீன் எடுத்துவிடுவோம்' என்று ஒருவன் கூப்பிட்டான். எந்தப் போலீஸும் யுபிஐ-யில் காசு கேட்டு லீன் எடுக்காது. அந்த மாநில போலீஸின் தளத்தில் இருக்கிற எண்ணுக்கு நீங்களாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

நான் இப்போது கடை நடத்துகிற விதமே வேறு. கடைக்குத் தனிக் கணக்கு. வீட்டுக் காசும் குழுத் தவணையும் அதில் இல்லை. பணம் வாங்குகிற பெயரை என் பெயராக வைக்காமல் பழைய சாமான் கடை என்று தெரிகிற மாதிரி வியாபாரக் கணக்காக மாற்றிவிட்டேன். டெபாசிட் கட்டுகிறோம் என்று நினைத்து யாராவது ஏமாந்து பணம் போட வந்தால், திரையில் பழைய சாமான் கடை என்று வருவதைப் பார்த்தாவது யோசிக்கட்டும். ஐயாயிரத்துக்கு மேல் என்றால் பொத்தாம்பொதுவான கியூஆர் கிடையாது; தொகையும் பொருளின் பெயரும் போட்ட கியூஆர்தான். முதலில் ஒரு ரூபாய் அனுப்பச் சொல்வேன். அதில் வருகிற பெயரும் வாங்குகிறவர் பெயரும் ஒன்றாக இருந்தால்தான் மேலே பேச்சு. வீட்டுக்காரர் கணக்கு, மச்சான் கணக்கு என்றால் அந்த ஆளே வீடியோ காலில் வந்து சொல்ல வேண்டும். நல்ல வாடிக்கையாளர்கள் சிலர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். போகட்டும். கமிஷன் பொருளுக்கான பணத்தையும் உடனே மாற்றிவிடுவதில்லை, கொஞ்ச நாள் தாமதமாகும் என்று கொடுப்பவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். தம்பி கணக்கு மாட்டியது நான் உடனே அனுப்பியதால்தான் என்று இப்போதும் சிலர் சொல்கிறார்கள். விற்ற பொருளுக்கு உடனே காசு கொடுப்பதுதான் இந்தத் தொழிலில் நாணயம். அதைக் குறையாகப் பேசுகிற நிலைமைக்குக் கொண்டுவந்தது அந்தத் திருடன்தான்.

தெரியாதவர் யாராவது பணம் போட்டுவிட்டு, 'தவறி வந்துவிட்டது, இந்த எண்ணுக்குத் திருப்பி அனுப்புங்க' என்றாலும் அனுப்பாதீர்கள். வேறு எண்ணுக்குப் போனால் நீங்கள் கைமாற்றியதாகத்தான் கணக்கு. வங்கியில் எழுதிக் கொடுத்து, வந்த கணக்குக்கே திரும்பிப் போகும்படி செய்யுங்கள்.

இன்றைய நிலவரம்: என் கணக்கு திறந்துவிட்டது, அந்த 5,000 மட்டும் லீனில் நிற்கிறது. தம்பி கணக்கில் 36,000 நிற்கிறது. புகார் பதிவான அந்த வட மாநிலத்தில் மனுப் போட ஒரு வக்கீலிடம் விசாரித்தால், ஃபீஸும் போக்குவரத்தும் சேர்ந்து கிட்டத்தட்ட அந்தத் தொகையையே தொடுகிறது. தம்பிக்கு என் கையிலிருந்து பாதி கொடுத்திருக்கிறேன். மீதியை சம்பா அறுப்பு முடிந்து வியாபாரம் சூடு பிடித்ததும் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

மயிலாடுதுறையில் பழைய லேப்டாப் விற்கிற ஒருவருக்குப் போன வாரம் இதே நடையில் ஒருவன் மெசேஜ் போட்டிருக்கிறான். பேரம் இல்லை, கியூஆரைப் படமாகக் கேட்டிருக்கிறான், பஸ் பார்சல் போதும் என்றிருக்கிறான். அவர் என்னைக் கேட்டுவிட்டு, உங்கள் பெயரிலிருந்தே ஒரு ரூபாய் அனுப்புங்கள் என்று பதில் போட்டார். ப்ளூ டிக் வந்தது, பதில் வரவில்லை.