பழைய புல்லட்டின் பிளைவீலைப் பட்டறைக்குக் கொடுக்கும் முன்

திருவொற்றியூரில் 1974ஆம் ஆண்டு தயாரான 350 சிசி புல்லட் ஒன்று அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது. பதினோரு ஆண்டுகள் மாடிப்படிக்கு அடியில் கிடந்த அந்த வண்டியைக் கடந்த ஆண்டு வீட்டிலேயே பிரித்துச் சீர்செய்யத் தொடங்கினேன். வயரிங், பிரேக், கார்புரேட்டர் எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொண்டேன். லேத்தும் போரிங் இயந்திரமும் வீட்டில் இல்லாததால் பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர் பிளாக்கையும், அந்த அசைவைச் சுழற்சியாக்கும் கனத்த சக்கரங்களான பிளைவீலையும் மட்டும் வெளியே கொடுத்தேன். ஏமாந்ததும் அந்த இரண்டில்தான்.

கொடுத்த இடம் பழைய புல்லட்டுகளுக்குப் பேர்போன ஒரு லேத் பட்டறை. பெயரை எழுதப்போவதில்லை, பில் கேட்டு வாங்காத என்னால் எதையும் நிரூபிக்க முடியாது. பிஸ்டனைப் பிளைவீலோடு இணைக்கும் கனெக்டிங் ராடு, அது மாட்டியிருக்கும் கிராங்க் பின், இரண்டுக்கும் நடுவில் வரும் புஷ் மூன்றையும் புதிதாகப் போடுவதாகவும், ஏற்கெனவே 0.50 ஓவர்சைஸில் (கம்பெனி அளவைவிட 0.50 மில்லிமீட்டர் பெரிதாக) இருந்த பிளாக்கை 0.75க்குக் குடைந்து போர் செய்து பிஸ்டனும் தருவதாகவும் சொல்லி, 14,500 ரூபாய் என்று டைரித் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். பத்து நாளில் தருவதாகச் சொன்ன வேலை ஏழு வாரம் இழுத்தது. கையில் வந்தபோது எல்லாம் கண்ணாடிபோல் மின்னியதால், தாமதத்தைக்கூட மறந்துவிட்டேன். அந்த மினுமினுப்பில்தான் விஷயமே இருந்தது.

ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல், முறுக்காமல்தான் ஓட்டினேன். ஏறத்தாழ 340 கிலோமீட்டர் ஓடியபோது, மேம்பாலத்தில் ஏறுகையில் அடியிலிருந்து கனமான தட்டல் ஒன்று கேட்டது. ஆயிலை வடித்துப் பார்த்தால், ஃபில்டர் முழுவதும் ஜிகினா தூவியதுபோல் உலோகத் தூள்.

பட்டறைக்காரர் ஒரு கணமும் யோசிக்கவில்லை: "சார், டைமிங் கவர்ல கார்க்கை ஒழுங்கா உட்கார வெச்சிருக்க மாட்டீங்க. ஆயில் ஏறாம புஷ் போயிருக்கு. வீட்ல செஞ்சா இப்படித்தான்." இன்ஜினின் பக்கவாட்டு மூடியான டைமிங் கவரில் இருக்கும் அந்தச் சிறிய கார்க் சரியாக அமராவிட்டால், ராடு பின்னோடு சேரும் பெரிய முனைக்குப் போக வேண்டிய ஆயில் கசிந்து வீணாகும் என்பது உண்மையே. ஆதலால் இரண்டு நாள் என்னையே சந்தேகித்துக்கொண்டிருந்தேன். பிறகு வேறோர் ஊரில் இருக்கும் வயதான லேத்காரர் ஒருவரிடம் பிளைவீலைக் கொண்டுபோய், கூடவே நின்று பிரிக்கச் சொன்னேன்.

ராடு என்னுடைய பழைய ராடேதான். அப்பா காலத்து மெக்கானிக் அதன் பக்கவாட்டில் குத்தியிருந்த இரண்டு பஞ்ச் புள்ளிகள், பஃப் அடித்து மெருகேற்றிய பிறகும் மங்கலாகத் தெரிந்தன. கிராங்க் பின்னும் பழையதுதான், அதன் மேல் நகத்தை ஓட்டினால் தேய்ந்த விளிம்பு தட்டியது. புஷ் மட்டும் புதிது. இந்த வார்ப்பிரும்பு இன்ஜினின் பெரிய முனையில் உருளைகள் கிடையாது; பின்னுக்கும் ராடுக்கும் நடுவே புஷ் சுதந்திரமாகச் சுழன்றபடி ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. உருண்டை கெட்ட பின்னில் புதிய புஷ்ஷை ஏற்றினால், முதல் நாளிலேயே இடைவெளி கூடிவிடும். ஆயில் கிடைக்காமல் ஓடியிருந்தால் கிராங்க் பின் சூட்டில் நீலம் பாய்ந்திருக்க வேண்டும் என்றார் பெரியவர். அப்படி ஒரு சுவடும் இல்லை.

பிளாக்கை அளந்தபோது வந்த கோபம் இன்னும் தணியவில்லை. கம்பெனி அளவு 70 மில்லிமீட்டர். எனக்குச் சொன்ன கணக்குப்படி 70.75 இருந்திருக்க வேண்டும், இருந்ததோ 71. கையிருப்பில் அந்தப் பிஸ்டன்தான் இருந்தது போலும், ஒரு படியைத் தாண்டிக் கடைசி அளவுக்கே வெட்டிவிட்டார்கள். பிஸ்டன் தலையில் இருக்க வேண்டிய அளவு எண்ணை எமரித் தாளால் தேய்த்து அழித்திருந்தார்கள். அதுவும் மினுமினுப்பு என்றே நான் நினைத்திருந்தேன்.

ஆகவே, பொருள் வீட்டை விட்டுப் போகும் முன் ராடின் பக்கவாட்டிலும் பிளைவீலின் உட்புறத்திலும் உங்களுக்கு மட்டும் தெரியும்படி ஒரு குறியைக் குத்தி, படமெடுத்து வையுங்கள். கழற்றிய பழைய பின்னும் புஷ்ஷும் திரும்பி வர வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். தயங்குகிற இடத்தில் கொடுக்க வேண்டாம். பிளைவீலைச் சேர்த்த பிறகு, டயல் கேஜ் வைத்து அது எவ்வளவு ஆடுகிறது என்று உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். முழு இன்ஜினாகவே கொண்டுவரும்படி அவர்கள் கேட்டதற்கு நான் மறுத்தது ஒன்றுதான் நல்லதாகப் போயிற்று. இன்ஜின் எண் குத்திய கேஸ் மாறிப்போனால், ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது ஆர்சி புத்தகத்தோடு எண் பொருந்தாமல் அலைய வேண்டியிருக்கும்.

நான்கு முறை நடந்த பிறகு 2,000 ரூபாய் திரும்பக் கிடைத்தது. பெரியவர் புதிய பின்னும் ராடும் போட்டுக் கொடுத்த பிளைவீலில் இப்போது 600 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன், தட்டல் இல்லை. பிளாக்குக்கு மட்டும், அடுத்த முறை ஸ்லீவ் (உள்ளே புதிய குழாய் உறை) போடுவதைத் தவிர வேறு வழியில்லை.