நிலத்தடி நீராவியா, மலையருவியா? மலையகத்துக்கு எது கைகொடுக்கும்?

கிழக்கிலங்கையில் கன்னியாவிலும் மகாஓயாவிலும் சுடுநீர் தானாகவே பொங்குகிறதே, அதில் மின்சாரம் எடுத்தால் என்ன என்று மலையகத்தில் பலரும் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் புவிவெப்ப மின்சாரம், அதாவது நிலத்தடிச் சூட்டிலிருந்து மின்சாரம், எடுக்க மூன்று வழிகள் இருக்கின்றன. எந்த வழி என்பதைத் தீர்மானிப்பது கிணற்றில் கிடைக்கும் சூடு.

முதலாவது, உலர் நீராவி. இத்தாலியின் லார்டெரெல்லோவில் 1904இல் பியெரோ ஜினோரி கோன்டி நிலத்தடி ஆவியைக் கொண்டு ஐந்து மின்குமிழ்களை எரிய வைத்தார். 1913இல் அங்கேயே 250 கிலோவாட் நிலையம் வந்தது. ஆவியோடு வந்த அமிலமும் வாயுக்களும் உலோகத்தை அரித்ததால், அந்தச் சூட்டில் சுத்தமான நீரைக் கொதிக்க வைத்து, அந்த ஆவியைத்தான் மின்னாக்கியைச் சுழற்றும் டர்பைனுக்கு அனுப்பினார்கள். இப்போது பாறைத்தூசியை வடித்துவிட்டு ஆவியை நேரே விடுகிறார்கள். இயந்திரம் எளிது, ஆனால் இப்படி ஆவி மட்டுமே வரும் இடங்கள் உலகில் மிகச் சில. கலிபோர்னியாவின் கெய்சர்ஸ் அப்படியொன்று. அங்கே 1960இல் உற்பத்தி தொடங்கியது. அளவுக்கு மிஞ்சி உறிஞ்சியதில் 1980களின் கடைசியில் அழுத்தம் விழுந்தது. பிறகு ஊர்க் கழிவுநீரைச் சுத்திகரித்துக் குழாய்வழி கொண்டுவந்து நிலத்துக்குள் செலுத்த வேண்டியதாயிற்று.

இரண்டாவது வழியில் 180 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட நீர் அழுத்தத்தோடு மேலே வரும். ஆவியையும் நீரையும் பிரிக்கும் பிரிகலனில் அழுத்தத்தைக் குறைத்தால் ஒரு பங்கு ஆவியாகும். 250 பாகை நீரை 160க்கு இறக்கினால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் ஆவி. மிச்ச நீர் ஆறும்போது சிலிக்கா படிந்து குழாயை அடைக்கும். நியூசிலாந்தின் வைராக்கெய் 1958இல் இந்த வழியில் இயங்கத் தொடங்கியது. எடுத்த நீரை நிலத்துக்குள் திருப்பாமல் ஆற்றில் விட்டதால், ஓரிடத்தில் நிலம் பத்து மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது.

மூன்றாவது, இரட்டைச் சுற்று. சுடுநீர் டர்பைனைத் தொடுவதே இல்லை. வெப்பமாற்றியில் பென்டேன் போன்ற, தாழ்ந்த சூட்டில் கொதிக்கும் திரவத்தை ஆவியாக்கி, அந்த ஆவியால் டர்பைனைச் சுழற்றுவார்கள். அலாஸ்காவின் சேனாவில் 2006 முதல் 74 பாகை நீரிலேயே இப்படி மின்சாரம் எடுக்கிறார்கள். டர்பைனைச் சுழற்றிய ஆவியைக் குளிர்வித்து மறுபடி திரவமாக்கும் ஒடுக்கிக்கு அங்கே கிடைக்கும் நீர் 4 பாகை. சூட்டுக்கும் குளிருக்கும் இடையே 70 பாகை இருந்தும் எட்டு வீதம் அளவுதான் மின்சாரமாகிறது.

இலங்கையில் எரிமலை கிடையாது. நம் வெந்நீரூற்றுகள், மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடேறித் திரும்பி வருபவை. மகாஓயாவில் ஏறக்குறைய 55 பாகை. முதல் இரண்டு வழிகளையும் அந்த ஒரு எண்ணே தள்ளிவிடுகிறது. மூன்றாவதற்கும் தடை உண்டு: சுடுநீர் கீழே வெப்பமான சமவெளியில், குளிர்ந்த நீர் மேலே நுவரெலியாப் பக்கத்தில்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். வினாடிக்கு ஒரு லீற்றர் 55 பாகை நீரில் 10 பாகையை உறிஞ்சினால் 42 கிலோவாட் வெப்பம் கிடைக்கும். இந்தச் சிறிய சூட்டு வித்தியாசத்தில் மூன்று வீதம் மின்சாரமானால் 1.3 கிலோவாட், அதிலும் பம்புகள் தின்றது போகத்தான் மிச்சம். அதே ஒரு லீற்றர் நீரை மலைச்சரிவில் 200 மீட்டர் உயரத்திலிருந்து குழாயில் இறக்கி, கிண்ணங்கள் பொருத்திய பெல்டன் சக்கரத்தில் அடித்தால் 1.5 கிலோவாட் வரை கிடைக்கும். கிணறு தோண்ட வேண்டாம், பென்டேன் கசிந்து தீப்பிடிக்கும் பயமும் வேண்டாம். தோட்டத் தொழிற்சாலைகள் பலவற்றில் அந்தக் காலத்தில் சக்கரங்களைச் சுழற்றியது இப்படி இறங்கும் ஓடை நீர்தான். தேசிய மின்சாரம் வந்தபின் அவற்றைக் கைவிட்டது பெரிய இழப்பு.

தேயிலை காய வைக்கும் உலைக்கு 55 பாகை நீர் போதாது. அங்கே 90 பாகைக்கு மேல் சூடான காற்று வேண்டும். கொழுந்து வாட்டும் தொட்டிக்கு 55 பாகையே தாராளம். ஆனால் ஊற்று இருக்கும் இடத்தில் தொழிற்சாலை இல்லை. மலைக்கு ஏற்றுவதற்குள் நீரும் ஆறிவிடும், பம்புச் செலவும் கட்டாது.

ஆகவே தோட்டத்தில் காசு போட நினைப்பவர்கள் முதலில் ஓடையை அளக்கட்டும். மழைக்கால ஓட்டத்தை நம்பி டர்பைன் வாங்கக் கூடாது. பெப்ரவரி, மார்ச் வறட்சியில் வாளியும் கடிகாரமும் வைத்து அளந்த ஓட்டமே கணக்கு. குழாய் வாயில் இரும்புச் சல்லடையும் அதற்கு முன்னால் மணல் படியும் தொட்டியும் கட்டாயம். இல்லாவிட்டால் சருகு நீரைப் பீய்ச்சும் முனையை அடைக்கும், மணல் சக்கரத்தின் கிண்ணங்களைத் தேய்த்துவிடும்.