ஹிட்லர், ஸ்டாலின், மாவோ: பழி ஏன் ஒரே அளவில் விழுவதில்லை?

அக்கா வீட்டுக்காரர் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் பட்டன், ஜிப் சப்ளை செய்கிறவர். சரக்குப் பார்க்கக் குவாங்சோ போய்வந்தால், செலவு போக மிஞ்சிய சீன நோட்டு ஒன்றிரண்டை மேஜை டிராயரில் போட்டு வைப்பார். போன மாதம், பதினொன்றாவது படிக்கும் அவர் மகன் ஒரு சிவப்பு நூறு யுவான் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "இந்தத் தாத்தா யாருங் மாமா?" என்றான். மாவோ என்றேன். அவர் காலத்துப் பஞ்சத்தைப் பற்றியும் நாலு வார்த்தை சொன்னேன். கொஞ்ச நேரம் நோட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்ப ஹிட்லர் படம் போட்ட நோட்டு எங்கயாச்சும் செல்லுமுங்களா?"

செல்லாது. ஏன் என்று அன்றைக்கு அவனுக்கு அரைகுறையாகத்தான் சொல்ல முடிந்தது. அதற்கப்புறம் பல நாள் இதே யோசனைதான்.

செத்தவர் எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் முதல் பெயர் மாவோவுடையதாக இருக்க வேண்டும். 1958-ல் அவர் தொடங்கிய 'பெரும் பாய்ச்சல்' என்ற அதிவேக வளர்ச்சித் திட்டம் கொண்டுவந்த பஞ்சத்தில் இறந்தவர்களை ஆய்வாளர்கள் ஒன்றரைக் கோடி முதல் நாலரைக் கோடி வரை கணக்கிடுகிறார்கள். ஸ்டாலின் ஆட்சியில் 1932-33 பஞ்சத்தில் உக்ரைனில் மட்டும் 35 லட்சம் பேருக்குக் குறையாமல் செத்தார்கள். 1937-38 இரண்டே ஆண்டுகளில் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள், சோவியத் ரகசியப் போலீஸின் சொந்தப் பதிவேட்டின்படியே, 6.8 லட்சம். ஹிட்லர் கொன்ற யூதர்கள் 60 லட்சம். அதுபோக ரோமா என்ற நாடோடி இனத்தவர், போலந்துக்காரர்கள், பட்டினி போட்டும் சுட்டும் சாகடித்த சோவியத் போர்க்கைதிகள் முப்பது லட்சத்துக்கு மேல். அவர் மூட்டிய போரின் பிணங்கள் தனிக் கணக்கு.

ஆனால் பேர் வைக்கும்போது பாருங்கள். எங்கள் பக்கம் ஸ்டாலின் என்று பெயருள்ள ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஹிட்லர் என்பது நான் படித்த பள்ளியில் பிரம்பெடுக்கும் கணக்கு வாத்தியாருக்குப் பையன்கள் வைத்த பட்டப்பேர்.

ஸ்டாலின் என்ற பெயர் கோவைக்கு எந்த வழியாக வந்தது என்று பார்த்தால் இதில் பாதி விளங்கிவிடும். மில் தொழிற்சங்கத்தின் வழியாக வந்தது. 1946 ஜனவரி 8 அன்று சின்னியம்பாளையத்து மில் தொழிலாளிகள் நாலு பேர் கோவைச் சிறையில் தூக்கிலேறினார்கள். அவர்கள் கையில் இருந்தது செங்கொடி. கூலிக்கும் வேலை நேரத்துக்கும் மரியாதைக்கும் அடிபட்டவர்கள் வாயிலிருந்து கேட்ட பெயரை எங்கள் ஜனங்கள் நல்ல பெயராகவே எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் அந்த வழவழப்பான சோவியத் பத்திரிகைத் தாள். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அதில்தான் புத்தகத்துக்கு அட்டை போடுவோம். கோதுமை வயலில் சிரித்துக்கொண்டு நிற்கும் பெண்கள், டிராக்டர், நீல வானம். அதே கோதுமை பூமியில்தான் லட்சக்கணக்கான குடியானவர்கள் பட்டினியில் செத்தார்கள் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்தப் படத்தை முகர்ந்து பார்க்கிற வயதில் நம்பியிருக்க மாட்டேன்.

மிச்சப் பாதி, யார் தோற்றார் என்பதில் இருக்கிறது. ஜெர்மனி அடியோடு தோற்றது. அதன் அலுவலகக் காகிதங்கள் மலைமலையாக எதிரி கையில் சிக்கின. வதைமுகாம்களுக்குள் போன படைகள் கேமராவோடு போயின. போர் முடிந்ததும் நடந்த நூரம்பெர்க் விசாரணையில் நாஜிகளின் கையெழுத்தே அவர்களுக்கு எதிரான சாட்சி. ஸ்டாலின் ஜெயித்த பக்கம் இருந்தார். அவருடைய நீதிபதிகள் அதே விசாரணை மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். 1940-ல் போலந்து அதிகாரிகளும் மற்றவர்களுமாக ஏறக்குறைய 22,000 பேரை சோவியத் ரகசியப் போலீஸ் சுட்டுப் புதைத்தது. அதில் ரஷ்யாவின் கேட்டின் காட்டில் கிடைத்த பிணங்களை ஜெர்மானியர் தலையில் கட்ட நூரம்பெர்க்கிலேயே முயன்றார்கள். செய்தது நாங்கள்தான் என்று மாஸ்கோ ஒப்புக்கொண்டது 1990-ல். இடையில் ஐம்பது வருஷம்.

சரி, ஹிட்லரைக் கூடுதலாகத் திட்டுகிறோமா என்றால், இல்லை என்பதுதான் என் எண்ணம். பிறந்த குலத்துக்காக ஒரு கைக்குழந்தையையும் விடாமல் கொல்ல வேண்டும் என்று திட்டம் போட்டு, ரயில் அட்டவணை தயாரித்து, அதற்கென்றே விஷவாயு அறை கட்டியது வேறு எதனோடும் சேர்த்து எண்ண முடியாத கொடுமை. ஸ்டாலினின் கட்சி சொன்ன சமத்துவம் கேட்க நல்ல சொல். ஹிட்லர் சொன்னதே கொலை. இந்த வித்தியாசம் நிஜம். ஆனால் நல்ல சொல்லைச் சொல்லிக்கொண்டு கொன்றால் செத்தவனுக்கு என்ன ஆறுதல்? ஹிட்லருக்குக் கிடைப்பது நியாயமான பழி. மற்றவர்களுக்குக் கிடைப்பதுதான் குறைவு.

மாவோ விஷயத்தில் எல்லோரும் சொல்லும் சமாதானம், அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்பது. எனக்கு இது ஒப்பவில்லை. 1959-ல் லூஷான் கூட்டத்தின்போது அவருடைய பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய், திட்டம் தவறாகப் போகிறது என்று கடிதமே எழுதிக் கொடுத்தார். பதவி போனது பெங்குக்கு. கொள்முதல் நிற்கவில்லை, தானிய ஏற்றுமதியும் நிற்கவில்லை. மழை பொய்ப்பது யார் கையிலும் இல்லை. விளைந்ததை அள்ளிக் கப்பலேற்றுவதற்கு ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். 1932-33-லும் உக்ரைன் பட்டினி கிடக்க சோவியத் தானியம் வெளிநாடு போய்க்கொண்டுதான் இருந்தது. அப்படியும் மாவோ நோட்டில் இருக்கக் காரணம், அவர் கட்சி இன்னும் ஆட்சியில் இருப்பது. 1981-ல் அந்தக் கட்சி கணக்குப் பார்த்து, அவருடைய சாதனை முதலில், பிழை இரண்டாவது என்று தீர்மானம் போட்டு முடித்துவிட்டது.

சின்னக் கணக்கும் பெரிய கணக்கும் தலைகீழாக நிற்கும் இன்னொரு ஜோடி சிலியின் பினோசெட்டும் இந்தோனேசியாவின் சுகார்த்தோவும். சிலியில் பினோசெட்டின் ராணுவம் ஆட்சியைப் பிடித்த 1973 செப்டம்பர் 11-க்குப் பிறகு கொல்லப்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் மூவாயிரத்துக்குச் சற்று மேல். இந்தோனேசியாவில் 1965-66-ல் கம்யூனிஸ்ட் என்ற பேரில் ராணுவமும் அதன் ஆட்களும் கொன்றவர்கள் குறைந்தது ஐந்து லட்சம், பத்து லட்சம் என்றும் சொல்கிறார்கள். பினோசெட் 1998-ல் லண்டனில் கைதானார். சுகார்த்தோ அதே வருஷம் பதவி இழந்தாலும், அந்தக் கொலைகளுக்காக ஒரு நாளும் கோர்ட் ஏறாமல் 2008-ல் செத்தார். சிலியிலிருந்து தப்பியவர்களில் வக்கீல், எழுத்தாளர், பேராசிரியர் பலர். போன நாடுகளிலெல்லாம் பேசினார்கள். பிறகு வந்த அரசு ஆணையம் வைத்துப் பெயர் பெயராக எழுதி வைத்தது. ஜாவாவிலும் பாலியிலும் செத்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்துச் சம்சாரிகள். கொன்றவர்களே முப்பது வருஷத்துக்கு மேல் ஆண்டார்கள். பிழைத்த குடும்பங்கள் அப்பன் பேரைச் சொல்லவே பயந்தன. ஒரு பக்கம் மூவாயிரத்துச் சொச்சம் என்று கணக்குச் சொல்ல முடிகிறது. மறு பக்கம் ஐந்தா, பத்தா என்று லட்சத்தில் தடுமாறுகிறது. எண்ணியவனும் எண்ண ஆளில்லாதவனும் ஒன்றா?

உகாண்டாவின் இடி அமீனும் அப்படித்தான். 1972-ல் தொண்ணூறு நாள் கெடு வைத்து ஆசியர்களைத் துரத்தினார். அவர்களில் பலர் பிரிட்டனில் இறங்கிக் கதையைச் சொன்னதால் உலகத்துக்கே தெரியும். அதே காலத்தில் எக்குவடோரியல் கினியாவில் மாசியாஸ் ங்குவேமா ஆட்சிக்குப் பயந்து ஜனத்தில் மூன்றில் ஒரு பங்கு நாட்டைவிட்டே ஓடியது. அந்தப் பெயரைக் கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

பெல்ஜியம் ராஜா லியோபோல்டுக்கு மட்டும் ஒரு போட்டோ குறுக்கே வந்தது. 1904-ல், அவருடைய சொந்த ஆளுகையில் இருந்த காங்கோவில் ஆலிஸ் ஹாரிஸ் என்ற மிஷனரி எடுத்த படம். திண்ணை விளிம்பில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பெயர் ன்சாலா. அவருக்கு முன்னால் தரையில் சின்னதாக ஒரு கை, ஒரு பாதம். ஐந்து வயது மகளுடையவை. ஊர் கொடுக்க வேண்டிய ரப்பர் குறைந்ததற்குக் கிடைத்த தண்டனை. ன்சாலா அழவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறார். இந்தப் படத்தை நான் முழுசாக ஒரு நிமிஷம் பார்த்ததில்லை. ஐரோப்பாவில் எழுந்த கூச்சலில் 1908-ல் காங்கோ அவர் கையைவிட்டுப் போனது. போகுமுன் எட்டு நாள் அடுப்பு மூட்டித் தன் காகிதங்களை எரித்தார். எரித்ததற்குப் பலன் இருந்தது. பல பத்தாண்டுகள் அவர் சிலைகள் தலை நிமிர்ந்து நின்றன. பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் ஒன்றை எடுத்தது 2020-ல்தான்.

நம்மூரிலேயே இதற்கு உதாரணம் உண்டு. திப்பு சுல்தான் நமக்குத் தீரன் சின்னமலையின் கூட்டாளி, சின்னமலை 1805-ல் சங்ககிரியில் தூக்கிலேறியவர். குடகில் போய்க் கேளுங்கள், அதே திப்பு ஜனங்களைக் கூட்டங்கூட்டமாகப் பிடித்துக்கொண்டு போனவர்.

எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா), யாராவது அவசர அவசரமாகச் சாப்பிட்டால் "தாது வருசத்துல பொறந்தவனாட்டம் திங்கறான்" என்பார். அவருக்கே அது கேட்டு வந்த கதை. தாது வருஷம் என்பது 1876-77. சென்னை மாகாணத்தில் மோசமாக அடிபட்டவற்றில் கோயம்புத்தூரும் சேலமும் உண்டு. 1871-க்கும் 1881-க்கும் இடையில் சேலம் ஜில்லா ஜனத்தொகை லட்சக்கணக்கில் குறைந்தது. வைஸ்ராய் லிட்டன் 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் தர்பார் நடத்தி விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்துக்கொண்டிருந்தார். அவர் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் கல் உடைக்கும் ஆணின் நாள் கூலியை ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் என்று வெட்டினார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. இது உயிர் பிழைக்கப் போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார். அந்த வருஷங்களிலும் இந்தியக் கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. நாடு முழுக்க 50 லட்சத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள்.

மாவோவுக்கும் ஸ்டாலினுக்கும் நான் வைத்த அதே அளவுகோலை இங்கே வைக்காமல் விட்டால் நியாயமில்லை. ஓட்டுப் போடாத ஜனத்தை ஆண்டவர், எச்சரிக்கை வந்தும் கையெழுத்தை மாற்றாதவர். லிட்டனை யாரும் சர்வாதிகாரி என்று சொல்வதில்லை.

இதையெல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகனிடம் சொன்னேன். "அம்மிச்சி யாரைத் திட்டுவாங்க மாமா?" என்றான். யாரையும் இல்லை, மழை பொய்த்துப் போச்சு என்றுதான் சொல்வார் என்றேன். நோட்டை டிராயரில் வைத்துவிட்டு வந்து, பேனாவை எடுத்து, "அந்த ஆள் பேர் என்னங் சொன்னீங்க, லி-க்கு அப்புறம்?" என்று கேட்டான்.