சிகிரியா: உச்சிக்கு ஓடாதீர்கள், கண்ணாடிச் சுவரடியில் நில்லுங்கள்

இலங்கையின் பழைய குன்றுக் கோட்டையான சிகிரியாவுக்கு நான் போனது இது மூன்றாவது தடவை. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் போனபோது யார் முதலில் உச்சிக்குப் போய்ச் சேருவது என்று ஓடினோம், அடுத்த தடவை கைக்குழந்தையோடு போனதால் உச்சிக்கு ஏறும் வாசலில் இருக்கும் சிங்கப் பாதத்தடியிலிருந்தே திரும்பிவிட்டோம். இந்த முறை சித்தியையும் கூட்டிக்கொண்டு, வேறு எந்த இடத்தையும் சேர்க்காமல், ஒரு முழு நாளை இதற்கென்றே வைத்தோம். சித்தி சித்திர ரீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். அவரோடு போனதில்தான் இந்த இடத்தை முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொல்வேன்.

முதலில் மலையடிவாரத்து மியூசியத்துக்குப் போங்கள். முக்கால்வாசிப் பேர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பாறையில் உள்ள பழைய ஓவியங்களின் பிரதிகளை அங்கே ஆற அமரக் கிட்ட நின்று பார்க்கலாம், மேலே போனால் நெரிசலில் அந்த வசதி கிடைக்காது.

அப்புறம் நீர்த்தோட்டம். கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பன் பழைய தலைநகரான அநுராதபுரத்தை விட்டுவிட்டு இங்கே தலைநகர் அமைத்தான். தகப்பன் தாதுசேனனைக் கொன்று அரசெடுத்தவன், தம்பி முகலன் இந்தியாவிலிருந்து படையோடு வருவான் என்ற பயத்தில் குன்றின் மேல் ஏறினான் என்பது இலங்கை அரசர்களின் பழைய வரலாற்று நூலான சூளவம்சத்துக் கதை. அந்தக் கதையைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் பயந்து ஒளிந்தவன் ஒருவன் இப்படித் தோட்டம் போடுவானா என்று எனக்கு இன்னமும் கேள்விதான். முந்தின இரவு நல்ல மழை. வட்டமான சுண்ணாம்புக்கல் பலகை ஒன்றில் வரிசையாகச் சின்னத் துளைகள், அவற்றிலிருந்து தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. ஒரு சாண் உயரம்கூட இல்லை, ஆனால் மோட்டாரும் இல்லை, நிலத்துக்குக் கீழே ஓடும் கால்வாயின் அழுத்தம் மட்டும்தான். 1500 வருடம் கழித்தும் வேலை செய்கிறது. நாங்கள் அங்கேயே அரை மணித்தியாலம் நின்றுவிட்டோம்.

ஒரு குறை சொல்ல வேண்டும். வாசலில் நாங்கள் அமர்த்திய வழிகாட்டி, அரசனுக்கு எத்தனை மனைவிமார் என்ற கதையை விட்டு வெளியே வரவே இல்லை, எங்களை ஓட ஓட விரட்டினார். "ஏன் தம்பி, ஆறுதலாப் போவமே" என்று சித்தி இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார், பிறகு பேசிய காசைக் கொடுத்து அனுப்பிவிட்டோம். கொஞ்சம் வாசித்துவிட்டுப் போனால் வழிகாட்டி இல்லாமலே பார்க்கலாம்.

சுழல் இரும்புப் படியில் ஏறினால் ஓவியக் குகை. படம் எடுக்க விடமாட்டார்கள், அது மிகச் சரி. 1967இல் யாரோ இவற்றின்மேல் பெயின்ற் ஊற்றி நாசம் செய்ய, லூசியானோ மரான்சி என்ற இத்தாலியரின் உதவியோடு மீட்டெடுத்தார்கள். மிஞ்சியிருப்பது இருபது சொச்சம் பெண்கள்தான். இடுப்புக்குக் கீழே மேகம், கையில் பூ, சிவப்பும் மஞ்சளும் பச்சையும். அப்சரஸ்களா, அரண்மனைப் பெண்களா, மேகமும் மின்னலும் பெண்ணுருவில் வந்திருக்கிறதா என்று அறிஞர்கள் இன்னும் ஒத்துவரவில்லை. சித்தி அதிலெல்லாம் அக்கறை காட்டவில்லை. ஒரு கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர், "இஞ்ச பார் மோனை, முதல் ஒரு மாதிரிக் கீறிப்போட்டு, பிறகு கையைத் திருத்தியிருக்கிறான்" என்றார். பார்த்தால் உண்மைதான், பழைய கோடு அடியில் தெரிகிறது. யாரென்றே தெரியாத அந்த ஓவியன் சட்டென்று பக்கத்தில் வந்து நின்றதுபோல இருந்தது எனக்கு.

அதற்குக் கீழேதான் கண்ணாடிச் சுவர். செங்கல் கட்டி, சாந்து பூசி, முகம் தெரிகிற அளவுக்கு மினுக்கியிருந்தார்களாம். இப்போது மங்கிய பழுப்பு. ஆறாம் நூற்றாண்டு தொடங்கிப் பல நூறு வருடங்களாக இங்கே வந்தவர்கள் அந்தப் பெண்களைப் பார்த்துவிட்டுச் சுவரில் கவிதை கீறியிருக்கிறார்கள். கூப்பிட்டும் பேசுகிறார்கள் இல்லையே என்று ஏங்கியவர்கள் உண்டு, பெண்கள் எழுதியதும் உண்டு. தொல்லியல் அறிஞர் செனரத் பரணவிதான 685 பாட்டுகளை வாசித்து 1956இல் பதிப்பித்தார். வெளிச்சம் சாய்வாக விழும்போது பார்த்தால் கடுகளவு எழுத்துகள் மெல்ல மேலே எழும்பி வருகின்றன. ஆட்கள் இதை ஒரு நடைபாதையாக நினைத்துக் கடந்து போவதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே மனம் நோகிறது. தயவுசெய்து தொடாதீர்கள், சாவி, ஆணி ஒன்றும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

உச்சி? கிட்டத்தட்ட 1200 படி. காற்றும் காட்சியும் வடிவு, பாறையில் வெட்டிய குளமும் அத்திவாரங்களும் இருக்கின்றன, கட்டடமாக ஒன்றும் மிஞ்சவில்லை. முழங்கால் வருத்தமுள்ளவர்கள் சிங்கப் பாதத்தோடு நின்றாலும் பெரிய இழப்பில்லை. அந்தச் செங்கல் நகங்களே நம் இடுப்பளவு இருக்கும், ஒரு காலத்தில் சிங்கத்தின் தலையும் இருந்து அதன் வாய்க்குள்ளால் ஏறிப் போனார்களாம். அங்கே குளவிக் கூடுகள் உண்டு, சத்தம் போடாமல் இருங்கள்.

விடிய வெள்ளன வெளிக்கிடுங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள், மழைக்காலமென்றால் இன்னும் நல்லது. சித்தி அடுத்த மழைக்கும் போவோம் என்கிறார், இந்த முறை கீறல் கொப்பியோடு.