ஃபினாஸ்டெரைடா, டூட்டாஸ்டெரைடா? மனநலக் கோணத்தில் ஓர் ஒப்பீடு

முடி உதிர்வுக்கும் புராஸ்டேட் வீக்கத்துக்கும் தரப்படும் இவ்விரண்டு மருந்துகளும் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதியைத் தடுக்கின்றன. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை, முடி உதிர்வுக்கும் புராஸ்டேட் வீக்கத்துக்கும் காரணமாகும் டிஹெச்டி என்ற ஹார்மோனாக மாற்றும் அதே நொதி, மூளையில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனிலிருந்து அல்லோபிரெக்னனலோன் உருவாகவும் தேவை. மூளையின் பரபரப்பை அடக்கும் காபா ஏற்பிகளின் வழியே பதற்றத்தைத் தணிக்கும் பொருள் அது. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கு 2019இல் அமெரிக்கா அனுமதித்த பிரெக்சனோலோன் என்ற மருந்தும் இதே பொருள்தான். ஆகவே மனநலக் கேள்வியை வீண் பயம் என்று ஒதுக்குவது நியாயமல்ல.

ஃபினாஸ்டெரைடு இந்த நொதியின் வகைகளில் முக்கியமாக இரண்டாம் வகையைத் தடுத்து, இரத்தத்தில் டிஹெச்டியைச் சுமார் 70 சதவீதம் குறைக்கிறது. டூட்டாஸ்டெரைடு மூளையில் மிகுந்திருக்கும் முதல் வகையையும் சேர்த்துத் தடுக்கிறது. குறைவு 90 சதவீதத்தைத் தாண்டும்.

அப்படியானால் டூட்டாஸ்டெரைடுதான் ஆபத்தானதா? ஐரோப்பிய மருந்து முகமை 2025இல் தற்கொலை எண்ணத்தைப் பக்கவிளைவாக உறுதிசெய்தது ஃபினாஸ்டெரைடுக்குத்தான். டூட்டாஸ்டெரைடுக்குச் சான்று போதவில்லை. செயல்முறை ஒன்றே என்பதால் எச்சரிக்கை மட்டும் சேர்த்தது.

எனக்குப் பெரிதாகப் படும் வேறுபாடு, நிறுத்திய பிறகு நடப்பது. ஃபினாஸ்டெரைடின் அரை ஆயுள், அதாவது உடலில் மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம், சில மணி நேரம். டூட்டாஸ்டெரைடுக்கோ ஏறத்தாழ ஐந்து வாரம். மனம் தளர்கிறது என்று இன்று நிறுத்தினாலும் மருந்து மாதக்கணக்கில் உடலில் தங்கும். முன்பு மனச்சோர்வு இருந்தவர், முடிக்காக டூட்டாஸ்டெரைடைத் தொடாமலிருப்பதே நல்லது என்பேன். ஃபினாஸ்டெரைடு என்றாலும் அந்த வரலாற்றை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்கட்டும். மனமாற்றம் பெரும்பாலும் அவர் கண்ணில்தான் முதலில் படும்.