ஆற்று லாக்கில் நடுக்கயிறா, இரட்டைக் கயிறா?

இங்கிலாந்துக் கால்வாய்களில் ஓடும் ஒடுங்கிய நீளப் படகான நாரோபோட்டை ஓட்டுபவர்களுக்கு நடுக்கயிற்றின் மீது தனிப் பாசம் உண்டு. கூரை நடுவே ஒரு வளையம், அதில் ஒரு கயிறு. சுக்கானை விடாமலே எடுத்துக் கட்டுத்தறியில் சுற்றி இழுத்தால் முழுப் படகும் கரையோடு ஒட்டும். ஆள் ஒருவர் போதும். லாக் என்பது நீர்மட்டம் மாறும் இடத்தில் தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும், இரு முனையிலும் கதவுள்ள தொட்டி. 7 அடி அகலக் கால்வாய் லாக்கில் அதுகூட வேண்டாம். படகின் அகலம் 6 அடி 10 அங்குலம். இரு சுவரும் அதைப் பிடித்துக்கொள்ளும்.

இங்கிலாந்தின் பழைய ஆற்று லாக்குகள் வேறு ரகம். தேம்ஸிலும், 1653-இல் திறந்த வே ஆற்று வழியிலும் லாக்கின் அகலம் ஏறத்தாழ 14 அடி அல்லது அதற்கு மேல். படகுக்குப் பக்கத்தில் இன்னொரு படகு நிற்கும் இடம் சும்மா கிடக்கும். அங்கே அணியத்திலும் அமரத்திலும், அதாவது முன்னும் பின்னும், ஆளுக்கொரு கயிறு பிடிப்பதே என் கட்சி.

காரணம் ஒன்றுதான்: படகு சுழல்வது. மேலேறும்போது மேல் கதவின் ஷட்டரை, அதாவது தண்ணீர் விடும் துவாரத்தின் மூடியை, தூக்கியதும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு அணியத்தில் மோதும். முதலில் படகைப் பின்னுக்குத் தள்ளும், பிறகு கதவை நோக்கி இழுக்கும். நடுக்கயிறு இங்கே அச்சாணியாகிவிடும். அணியம் எதிர்ச் சுவரை நோக்கி ஒதுங்க, அமரம் இந்தச் சுவரில் இடிக்கும். கயிறு கூரை உயரத்திலிருந்து இழுப்பதால், எங்காவது சிக்கினால் படகையே சாய்க்கப் பார்க்கும். இரட்டைக் கயிற்றில் அணியக் கயிறு முன்னோக்கியும் அமரக் கயிறு பின்னோக்கியும் போக வேண்டும். முன்னது பின்தள்ளலையும் பின்னது முன்னிழுப்பையும் தாங்கும். செங்குத்தாக எதிரே உள்ள கட்டுத்தறியில் போட்டால் பாதிப் பலன்கூட இருக்காது.

ஷட்டரை முதலில் கால் பங்கு மட்டும் தூக்குங்கள். கயிறு இறுகி, படகு அடங்கிய பிறகு பாதி. கதவிலுள்ள துவாரம் நீரில் மூழ்கும்வரை முழுதாகத் திறக்கவே கூடாது, முன்தளம் நிரம்பிவிடும். அணியம் கதவின் குறுக்குச் சட்டத்துக்கு அடியில் மாட்டாதபடி தள்ளி நிற்க வேண்டும்.

நடுக்கயிற்றுக்காரர்கள் எஞ்சினை மெதுவாக முன்கியரில் விட்டுக் கயிற்றை இறுக்கி வைப்பார்கள். நல்ல உத்திதான். ஆனால் தேம்ஸில் லாக்குக்குள் எஞ்சினை அணைக்க வேண்டும். முன்னும் பின்னும் கயிறு வேண்டும் என்பதும் அங்கே வழக்கம். அதோடு அந்த உத்தி போச்சு.

கீழிறங்கும்போது இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. எதையும் முடிச்சுப் போடாதீர்கள். ஒரே சுற்று, நுனி கையில், தண்ணீர் இறங்க இறங்கக் கயிற்றை விட்டுக்கொண்டே இருப்பது. முடிச்சிட்டால் படகு கயிற்றில் தொங்கும். மேல் கதவின் அடியில் நீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கு ‘சில்’ என்று பெயர். வெள்ளைக்கோடு காட்டும் அந்தப் படிக்கு முன்னால் அமரம் இருக்கிறதா என்பதை மட்டும் கண்ணில் வைத்திருங்கள்.

கயிற்றின் நீளம்: 2.5 மீட்டர் ஆழ லாக்கில் போய்வர 5 மீட்டர், சாய்வும் பிடியும் சேர்த்து 8 முதல் 10 மீட்டர். நடுக்கயிறு மட்டும் புரொப்பெல்லரை எட்டாத நீளத்தில் இருக்கட்டும்.

தனியாளாகப் போகிறவர்களுக்கு நடுக்கயிறே வழி. அவர்களை அமரக் கயிறும் சேர்த்துப் பிடிக்கச் சொல்வது வீண். இதெல்லாம் 57 அடிப் படகை மனதில் வைத்துச் சொல்வது. 70 அடியில் அந்தச் சுழற்சி எவ்வளவு கடுமை என்பதை அந்த நீளம் ஓட்டுபவர்களிடம் கேட்பதே நல்லது.