மேவன் அமைப்பு: ஷெல்லில் வைப்பதா, ப்ராஜெக்ட்டிலேயே வைப்பதா?

ஜாவா ப்ராஜெக்ட்டைக் கட்டும் கருவியான மேவனின் பில்டுக்கு மெமரி கூட்ட வேண்டும், ப்ராக்ஸி கொடுக்க வேண்டும் என்றால் ஜாவாவுக்குப் போகும் ஆப்ஷன்களை எழுத மூன்று இடங்கள் இருக்கின்றன. ஷெல்லில் ‘மேவன்_ஆப்ட்ஸ்’ என்ற சூழல் மாறி ஒன்று. ஹோம் டைரக்டரியில் ‘.மேவன்ஆர்சி’ கோப்பு இன்னொன்று. மூன்றாவது, ப்ராஜெக்ட்டின் ‘.எம்விஎன்’ ஃபோல்டருக்குள் இருக்கும் ‘ஜேவிஎம்.கான்ஃபிக்’. 2015-இல் மேவன் 3.3.1-உடன் வந்தது இது. நான் மூன்றாவதுக்கு மாறிவிட்டேன், அதையே சிபாரிசும் செய்கிறேன். இயங்கும் விதத்தில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. யார் பராமரிப்பது என்பதில்தான் வித்தியாசம் எல்லாம்.

‘ஜாவா_ஹோம்’ பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அது இந்தப் போட்டியிலேயே இல்லை. எந்த ஜாவாவைக் கிளப்புவது என்று தெரிந்த பிறகுதான் அதற்கு ஆப்ஷன் கொடுக்க முடியும். அதனால் அது சூழல் மாறியாகத்தான் இருந்தாக வேண்டும். கம்பைலரும் சேர்ந்த ஜேடிகே ஃபோல்டரைக் காட்ட வேண்டும், அதற்குள் இருக்கும் ‘பின்’ ஃபோல்டரை அல்ல. ஓட்ட மட்டுமே உதவும் ஜேஆர்ஈ-யைக் காட்டினால் மேவன் கிளம்பிவிடும், கம்பைல் கட்டத்தில் கம்பைலர் இல்லை என்று நிற்கும்.

மேவன்_ஆப்ட்ஸின் பலம் வேகம். டெர்மினலில் ஒரு எக்ஸ்போர்ட் வரி போதும், உடனே பலிக்கும். ஒரே ஒரு ஓட்டத்துக்கு ஹீப்பை (ஜாவாவின் முக்கிய மெமரியை) கூட்டிப் பார்க்க அதைவிட எளிய வழி இல்லை. நிரந்தரமாக வைக்கலாம் என்று, ஷெல் தொடங்கும்போது படிக்கும் .பேஷ்ஆர்சி-யில் எழுதும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. உபுன்டு தரும் .பேஷ்ஆர்சி-யின் தலைப்பிலேயே, இது இன்டராக்டிவ் ஷெல் இல்லையென்றால் திரும்பிப் போ என்று ஒரு சோதனை இருக்கிறது. அதன் கீழே எழுதிய எக்ஸ்போர்ட் உங்கள் டெர்மினலில் வேலை செய்யும். குறித்த நேரத்தில் கட்டளை ஓட்டும் க்ரானில் செய்யாது, எஸ்எஸ்ஹெச் வழியாக நேரடியாக ஒரு கட்டளை அனுப்பினாலும் செய்யாது. பில்ட் சர்வரில் மட்டும் ஹீப் பற்றாமல் விழும், உங்கள் மெஷினில் ஒழுங்காக ஓடும். விண்டோஸில் சூழல் மாறியை நிரந்தரமாக்கும் ‘செட்எக்ஸ்’ போட்டால் ஏற்கெனவே திறந்திருக்கும் விண்டோவுக்கு அது தெரியாது. மதிப்பு 1024 எழுத்தைத் தாண்டினால் மிச்சம் வெட்டுப்படும்.

.மேவன்ஆர்சி-யை மேவனின் ஷெல் ஸ்கிரிப்டே படிப்பதால் க்ரான் தொல்லை இல்லை. அது ஷெல் கோடு என்பதால் ஜாவா_ஹோமைக்கூட அங்கேயே கணக்கிட்டு வைக்கலாம். மேக்கில் இது வசதி. ஆனால் அதில் மேவன்_ஆப்ட்ஸுக்கு நேரடியாக மதிப்புக் கொடுத்தால், டெர்மினலில் நீங்கள் கொடுத்தது சத்தமில்லாமல் அழிந்துபோகும். பழைய மதிப்பையும் பின்னால் சேர்த்து எழுத வேண்டும். அந்த மெஷினில் இருக்கும் எல்லா ப்ராஜெக்ட்டுக்கும் அது பொது என்பதுதான் பெரிய குறை.

இனிப் பராமரிப்பு. ஜாவா 8 வருவதற்கு முன்பு பெர்ம்ஜென் என்ற மெமரிப் பகுதி நிரம்பி பில்ட் விழும் என்பதால், ‘மேக்ஸ்பெர்ம்சைஸ்’ ஆப்ஷனை எல்லோரும் மேவன்_ஆப்ட்ஸில் போட்டு வைத்தார்கள். ஜாவா 8-இல் அது வெறும் எச்சரிக்கையாக மாறியது, யாரும் எடுக்கவில்லை. ஜாவா 17-இல் அப்படி ஓர் ஆப்ஷனே கிடையாது. ஜேவிஎம் (ஜாவாவை ஓட்டும் இயந்திரம்) கிளம்பவே மறுத்துவிடும். அந்த வரி யார் யார் .பேஷ்ஆர்சி-யில் கிடக்கிறது என்று எந்தக் கிட் லாகிலும் தேட முடியாது. ஜேவிஎம்.கான்ஃபிக்கில் இருந்திருந்தால் ஜாவா பதிப்பை உயர்த்தும் அதே கமிட்டில் ஒரு வரியை நீக்கி முடித்திருக்கலாம்.

எதிர்த்திசையிலும் இதே கதைதான். ஜாவா 16 முதல் ஜேடிகே-யின் உள் பேக்கேஜ்கள் பூட்டப்பட்டுவிட்டன. எரர் ப்ரோன் மாதிரிக் கம்பைலருக்குள் கை விடும் கருவிகளுக்கு அந்தப் பூட்டைத் திறக்கும் ‘ஆட்-எக்ஸ்போர்ட்ஸ்’ வரிகள் வரிசையாகத் தேவை. அணிக்குப் புதிதாக வருபவர் ஒவ்வொருவரிடமும் அவ்வளவையும் ஷெல்லில் ஒட்டச் சொல்வது நடக்காத காரியம். ப்ராஜெக்ட்டில் இருந்தால் க்ளோன் செய்த உடனே பில்ட் ஓடும், ப்ராஜெக்ட்டோடு வரும் ஸ்கிரிப்டான மேவன் ராப்பரும் அதையே படிக்கும்.

ஜேவிஎம்.கான்ஃபிக்கை எழுதும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. அதில் ஜேவிஎம் ஆப்ஷன் மட்டும்தான். இணை ஓட்டத்துக்கான ‘-டி’ போன்ற மேவன் ஆப்ஷன்கள் பக்கத்தில் உள்ள ‘மேவன்.கான்ஃபிக்’கில் போக வேண்டும், மேவன் 3.9.0 முதல் அங்கே ஒவ்வொன்றும் தனி வரியில் இருக்க வேண்டும். சூழல் மாறியின் பெயரை எழுதினால் அது விரியாது. குறிப்பு வரிகளையும் தவிர்த்துவிடுங்கள், பல பதிப்புகளில் அவையும் ஆப்ஷனாகவே போய்ச் சேரும். விண்டோஸ் பவர்ஷெல் 5.1-இல் எக்கோ கட்டளையின் வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பிவிட்டு இதை உருவாக்காதீர்கள், யூடிஎஃப்-16-இல் எழுதிவிடும். நான் பெரும்பாலும் லினக்ஸ்காரன், முழுக்க விண்டோஸில் இயங்கும் பெரிய அணிக்கு இது எவ்வளவு சுகம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

பாஸ்வேர்டு, டோக்கன் எதுவும் இந்தக் கோப்பில் கூடாது, கிட்டில் ஏறிவிடும். அவை சூழல் மாறியிலேயே இருக்கட்டும்; மேவனின் செட்டிங்ஸ்.எக்ஸ்எம்எல்லில் ‘என்வ்.’ என்ற முன்னொட்டுடன் அவற்றை எடுத்துக்கொள்ளலாம். டெஸ்டுக்கான ஹீப்பும் இங்கிருந்து போகாது. டெஸ்டை ஓட்டும் ஷூர்ஃபயர் ப்ளக்இன் தனி ஜேவிஎம் கிளப்புவதால், அதன் ‘ஆர்க்லைன்’ அமைப்பில்தான் எழுத வேண்டும்.

ஜேவிஎம்.கான்ஃபிக், மேவன்_ஆப்ட்ஸ் இரண்டிலும் ஹீப் எழுதியிருந்தால் எது ஜெயிக்கும்? மேவனின் ஸ்கிரிப்ட் ஜேவிஎம்.கான்ஃபிக்கின் வரிகளை முதலிலும், மேவன்_ஆப்ட்ஸை அதற்குப் பின்னாலும் வைக்கிறது. ஜாவா கடைசியாக வந்த ‘எக்ஸ்எம்எக்ஸ்’ (ஹீப்பின் உச்ச அளவு) மதிப்பை எடுத்துக்கொள்ளும். ப்ராஜெக்ட் 1 ஜிபி சொன்னாலும் உங்கள் மெஷினில் 4 ஜிபி கொடுக்கலாம், இந்த வசதிக்காகவே இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். அதே காரணத்தால் ஷெல்லில் மறந்துபோன ஒரு 512 எம்பி, ப்ராஜெக்ட்டின் 2 ஜிபியைத் தோற்கடிக்கவும் செய்யும். பில்ட் ஓடும்போது இன்னொரு டெர்மினலில், ஓடும் ஜேவிஎம்களைப் பட்டியலிடும் ‘ஜேபிஎஸ் -வி’ அடியுங்கள். மேவனைக் குறிக்கும் ‘லாஞ்சர்’ என்ற வரியில் எல்லா ஆப்ஷனும் வந்த வரிசையிலேயே தெரியும்.

மாறுகிறவர்கள் முதலில் மேவன்_ஆப்ட்ஸை அன்செட் செய்யுங்கள். பிறகு .மேவன்ஆர்சி-யைத் தவிர்க்கச் சொல்லும் ‘மேவன்_ஸ்கிப்_ஆர்சி’-க்கு 1 என்று கொடுத்து, ப்ராஜெக்ட் ஃபோல்டரில் நின்று மேவனின் பதிப்பை மட்டும் கேளுங்கள். அதற்கும் ஜேவிஎம் கிளம்பியாக வேண்டும் என்பதால், கோப்பில் தப்பான ஆப்ஷன் இருந்தால் முழு பில்டுக்குக் காத்திருக்காமல் அங்கேயே பிடிபட்டுவிடும்.